ரேக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது

பில்லியர்ட்ஸ் போன்ற டேபிள் ஆட்டமான பூல் ஆடுகிறவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு ஆட்டத்தைத் தொடங்கும் பிரேக் ஷாட்டில்தான் போய் நிற்கும். எவ்வளவு வேகம் வருகிறது, பிரேக்குக்குத் தனி கியூ (அடிக்கும் கோல்) வேண்டுமா, வெள்ளைப் பந்தை நடுவில் வைத்து அடிப்பதா, ஓரமாக வைப்பதா. நல்ல ஆட்டக்காரர்கள் வெள்ளைப் பந்தை மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் அனுப்புகிறார்கள், அதைப் பற்றிப் பேச ஆசை வருவது இயல்புதான். ஆனால் அந்த அடி முழுவதையும் வாங்கிக்கொள்ளும் ரேக்கைப் பற்றி, அதாவது ஒட்டி அடுக்கிய பந்துக் கூட்டத்தைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பதில்லை. சரி, நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பகலில் எனக்குப் பட்டறையில் உதிரிபாகங்களின் அளவைச் சரிபார்க்கும் வேலை. மைக்ரோமீட்டரும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் கையை விட்டு இறங்காது. மாலையில் கிளப்புக்குப் போனால் அங்கேயும் கண் இடைவெளியைத்தான் தேடும். எங்களுக்குள் சின்னப் போட்டி நடந்தால் ரேக் போடும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். ஆடுவதைவிட அது எனக்குப் பிடித்த வேலை என்றுகூடச் சொல்லலாம்.

இறுக்கமான ரேக்கைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். அடி விழுந்ததும் சத்தம் ஒன்றாக, கெட்டியாக வரும். பந்துகள் எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் கிளம்பும். பதினைந்து பந்துகளை முக்கோணமாக அடுக்கும் எயிட் பால் ஆட்டத்தின் ரேக்கில் பின்வரிசையின் இரண்டு மூலைப் பந்துகளும் சரேலென்று முதலில் பிரிந்து ஓடும். தளர்ந்த ரேக்கில் அந்தச் சத்தம் நொறுங்கிப்போகும், கடகடவென்று பல சத்தமாகக் கேட்கும். முன்னால் இருக்கும் பந்துகள் மட்டும் சிதறும், பின்னால் நாலைந்து பந்துகள் கூட்டமாக அப்படியே உட்கார்ந்திருக்கும். அடித்தவர் தன் கையைத்தான் திட்டிக்கொள்வார். பெரும்பாலும் கை மேல் தப்பே இருக்காது.

இரண்டு பந்துகள் மோதும்போது ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த நேரத்துக்குள் பந்து கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நசுங்கி, மறுபடி விரிகிறது. எல்லாப் பந்துகளும் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த நசுக்கம் ஒரு பந்திலிருந்து அடுத்ததற்கு உடனே போகிறது. நெரிசலான வரிசையில் பின்னால் ஒருவர் இடித்தால் முன்னால் நிற்பவர் தடுமாறுவாரே, அந்த மாதிரி. நடுவில் ஓர் இடைவெளி இருந்தால் முந்தைய பந்து முதலில் அதைக் கடக்க வேண்டும், கடந்து தனியாக மோத வேண்டும். ஒரே அடி பல சின்ன அடிகளாக உடைகிறது. எந்தப் பந்து எந்தத் திசையில் போக வேண்டும் என்ற கணக்கும் அதோடு குலைந்துபோகிறது.

திசை என்று சொன்னேன், அதற்கு ஒன்பது பந்து வைத்து ஆடும் நைன் பாலின் ஓரப்பந்துதான் சரியான உதாரணம். நைன் பால் ரேக் சாய்சதுரம்: ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று. நடு வரிசையின் இரு கோடியிலும் இருப்பவை ஓரப்பந்துகள். முன்னால் இருக்கும் இரண்டாம் வரிசைப் பந்து அதை நீளவாக்கில் சாய்வாகத் தள்ளும். நடுவில் இருக்கும் 9ஆம் எண் பந்து அதைப் பக்கவாட்டில் தள்ளும். இரண்டு தள்ளலும் ஒன்றாகச் சேர்ந்தால் ஓரப்பந்து போகிற வழி கிட்டத்தட்ட நேராக மூலைப் பாக்கெட்டுக்கு. அதனால்தான் இறுக்கமான ரேக்கில் ஓரப்பந்து அத்தனை முறை விழுகிறது. இப்போது 9க்கும் ஓரப்பந்துக்கும் நடுவில் ஒரு தாள் அளவு இடைவெளி வந்தால் பக்கவாட்டுத் தள்ளல் தாமதமாகிறது. பந்து நீளவாக்கில் சாய்ந்து பின் குஷனில், அதாவது டேபிளின் பின்பக்க ரப்பர் விளிம்பில், போய் முட்டும். இடைவெளி முன்னால், இரண்டாம் வரிசைப் பந்தோடு இருந்தால் நேர்மாறு, பக்கக் குஷனில் முட்டும். ஓரப்பந்து எந்தக் குஷனில் முட்டியது என்று கவனித்தாலே எந்த இடத்தில் பந்துகள் ஒட்டவில்லை என்று ஓரளவு ஊகித்துவிடலாம். அடித்து முடிந்தபின் ரேக்கைப் படிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். பதினைந்து பந்து முக்கோணத்தில் எத்தனை இடத்தில் பந்துகள் தொட வேண்டும்? படம் வரைந்து எண்ணிப் பாருங்கள், 30. பத்துப் பந்து ரேக்கில் 18. நைன் பால் சாய்சதுரத்தில் 16. ரேக் இறுக்கமாக இருக்கிறது என்றால் இந்த 30 இடமும் மூடியிருக்கிறது என்று அர்த்தம், ஒன்று இரண்டு குறைந்தாலும் அது வேறு ரேக்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் ஒரு விஷயம் புரியும். ஒரு பந்தை டேபிளில் வைக்க இரண்டு எண் போதும், நீளத்தில் எவ்வளவு, அகலத்தில் எவ்வளவு என்று. 15 பந்துக்கு 30 எண். மொத்த ரேக்கையும் எங்கே வைக்கிறோம், எந்தக் கோணத்தில் திருப்பி வைக்கிறோம் என்பதற்கு மூன்று எண் போய்விடும். மிச்சம் 27. ஒவ்வொரு தொடுபுள்ளியும் அதில் ஒன்றைக் கட்டிப்போடுகிறது. ஆக 27 தொடுபுள்ளிகளை எப்படியும் சமாளித்துவிடலாம், பந்துகள் கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்து இடம் கொடுத்துவிடும். மீதி மூன்று? அவை நம் கையில் இல்லை. பந்துகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால் தானாகவே மூடிக்கொள்ளும், இல்லையென்றால் என்ன செய்தாலும் மூடாது. எவ்வளவு பலமாக அழுத்தினாலும் ஓர் இடத்தை மூடினால் இன்னோர் இடம் திறக்கும்.

அந்த மூன்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இன்னும் அழகாக இருக்கும். முக்கோணத்தில் ஆறு பக்கமும் பந்து சூழ்ந்த உள்பந்துகள் மூன்றே மூன்று. மூன்றாம் வரிசையின் நடுப்பந்து ஒன்று, அதாவது எயிட் பாலில் 8 உட்காரும் இடம். அதற்குப் பின்னால் நாலாம் வரிசையின் நடுவில் இரண்டு. ஒவ்வோர் உள்பந்துக்கும் ஒரு சிக்கல். நைன் பாலிலும் பத்துப் பந்திலும் உள்பந்து ஒன்றுதான், சிக்கலும் ஒன்றுதான். ஆட்டக்காரர்கள் நைன் பால் ரேக்கை இறுக்குவது சுலபம், எயிட் பால் ரேக் தொந்தரவு என்று சொல்வார்கள், அந்த அனுபவத்துக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

உள்பந்தில் நடப்பதை ஒரு பந்தை வைத்தே பார்க்கலாம். ஒரே அளவுள்ள ஆறு பந்துகளை வட்டமாகத் தொடவைத்தால் நடுவில் அதே அளவுள்ள ஏழாவது பந்து கச்சிதமாக உட்காரும். அந்த நடுப்பந்து தேய்ந்து கொஞ்சம் சிறிதாகிவிட்டது என்று வையுங்கள். சுற்றியுள்ள ஆறும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கும், நடுப்பந்து உள்ளே தளர்வாகக் கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ரேக் நன்றாக இருப்பதுபோல்தான் தெரியும். நடுப்பந்து பெரிதாக இருந்தால் ஆறும் விலகிக்கொள்ளும். விட்டம் 0.1 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால், சுற்றியுள்ள ஆறும் நடுப்பந்தைத் தொடும்போது வட்டத்தின் இடைவெளிகள் மொத்தம் 0.3 மில்லிமீட்டர் வரும். அது ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர். விதிப்படி கூடவோ குறையவோ 0.127 மில்லிமீட்டர் வரை அனுமதி உண்டு. எடை 156 முதல் 170 கிராம் வரை இருக்கலாம். அப்படியானால் ஒரே செட்டில் இரண்டு பந்துகள் கால் மில்லிமீட்டர் வித்தியாசப்பட்டாலும் விதிக்கு உட்பட்டவைதான், ஆனால் அவற்றை வைத்து நல்ல ரேக் போட முடியாது. நல்ல நிறுவனங்கள் இந்த அனுமதிக்கு வெகு உள்ளேதான் தயாரிக்கின்றன. பெல்ஜியத்தில் சலுக் நிறுவனம் ஃபீனாலிக் ரெசினில் செய்கிற ஆரமித் பந்துகளை உலகம் முழுக்கப் போட்டிகளில் பயன்படுத்துகிறார்கள். புதுசாக வரும்போது அவற்றின் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே கருவி வேண்டும். கிளப் பந்துகளில் சிக்கல் வேறு. வருடக் கணக்கில் அடி வாங்கித் தேய்கின்றன. அதைவிட மோசம், ஒரு பந்து தொலைந்துபோய் வேறு செட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து சேர்ப்பது. பதினாலு பந்து ஒரு வயது, ஒன்று வேறு வயது. அந்த ஒன்று உள்பந்தாகப் போய் உட்கார்ந்தால் அன்றைக்கு முழுக்க ரேக் இறுகாது.

மைக்ரோமீட்டர் இல்லாதவர்கள் பயப்பட வேண்டாம். மூன்று பந்துகளை நேர்வரிசையில் தொடவைத்து, விரைப்பான எஃகு ஸ்கேல் ஒன்றை மேலே படுக்க வையுங்கள். கண்ணை ஸ்கேலின் மட்டத்துக்குக் கொண்டுவந்து எதிர் வெளிச்சத்தில் பாருங்கள். நடுப்பந்துக்கு மேலே வெளிச்சக் கீற்று தெரிந்தால் அது மற்ற இரண்டைவிடச் சிறியது. ஸ்கேல் நடுப்பந்தின் மேல் ஆடினால் அது பெரியது. நடுவில் ஒவ்வொரு பந்தாக மாற்றி வைத்துக்கொண்டே போனால் கொஞ்ச நேரத்தில் செட் முழுவதும் பிடிபட்டுவிடும். எங்கள் கிளப் செட்டில் எந்த இரண்டு பந்து சிறியது என்று எனக்கு இப்போது பார்க்காமலே தெரியும். அவற்றை ரேக்கின் விளிம்பில் வைப்பேன், உள்ளே விடமாட்டேன். எயிட் பால் விதியும் இதற்கு இடம் கொடுக்கிறது: 8 நடுவில் வர வேண்டும், பின் மூலை இரண்டில் ஒன்று முழுநிறப் பந்து, ஒன்று பட்டை போட்ட பந்து. மற்றவை எங்கே வேண்டுமானாலும் வரலாம். வேண்டுமென்றே அடுக்கி எதிராளியைச் சிக்கவைக்கக் கூடாது, அவ்வளவுதான். தேய்ந்த பந்தை ஓரத்துக்குத் தள்ளுவது இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நன்மை, அதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. 8 தேய்ந்திருந்தால்தான் தப்பிக்க வழியில்லை. அதை மாற்றுங்கள் என்று நிர்வாகத்திடம் விடாமல் கேட்பேன்.

பந்துக்கு அடுத்தது துணி. ரேக் இறுகாத பெரும்பாலான நேரங்களில் பழி துணியின் மேல்தான் விழ வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கிளப்புக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன் ரேக் போடும் முக்கோணச் சட்டமான டிரையாங்கிளைப் பிடித்துக்கொண்டு போராடிக்கொண்டிருந்தான். "அண்ணா, எவ்வளவு இறுக்கி அழுத்தினாலும் எடுத்ததும் முதல் பந்து மட்டும் உருண்டு போயிடுது" என்றான்.

"எந்தப் பக்கம் உருளுதுன்னு பாத்தியா தம்பி?"

"எப்பவும் ஒரே பக்கம்தான்ணா. கொஞ்சம் முன்னாடி, இடது பக்கமா."

பாதி பதில் அதிலேயே இருந்தது. எப்போதும் ஒரே இடத்துக்கு உருண்டால் அங்கே குழி இருக்கிறது. முதல் பந்தை எடுத்துவிட்டு, விளக்கு பக்கவாட்டில் விழும்படி குனிந்து பார்க்கச் சொன்னேன். முதல் பந்து உட்கார வேண்டிய புள்ளியான ஸ்பாட்டுக்கு அரை விரல் தள்ளித் துணியில் வட்டமாக ஒரு பள்ளம், நடுவில் வெள்ளைப் புள்ளி. விரல் நுனியால் தடவினால் தட்டுப்படும்.

பிரேக் அடிக்கும்போது குஷன் குறுக்கே வருவதால் கியூவின் பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்கும். அதனால் வெள்ளைப் பந்து சறுக்கிக்கொண்டு போகாமல் சின்னதாகத் துள்ளிப் பறந்துதான் போகிறது. முதல் பந்தை அடையும்போது நடுமட்டத்துக்குச் சற்று மேலே போய் மோதுகிறது. அடியின் ஒரு பகுதி முதல் பந்தைக் கீழே துணிக்குள் அழுத்துகிறது. அடியில் கல் பலகை, நடுவில் கம்பளித் துணி, மேலே கெட்டியான பந்து. நசுங்குவது துணிதான். உரசலின் சூட்டில் இழை கருகி வெள்ளைப் புள்ளியாகிறது. இதையே ஆயிரக்கணக்கான முறை செய்தால் பள்ளம் வராமல் எப்படி இருக்கும்? முதல் பந்துக்கு அடியில் பெரிய பள்ளம், இரண்டாம் வரிசைக்கு அடியில் சின்னப் பள்ளங்கள். பந்துக்குத் தனக்கென்று ஓர் இடம் பிடித்துப்போகிறது, நாம் வேறு இடத்தில் வைத்தால் அங்கே நிற்க மறுக்கிறது.

இதற்கு முதல் வைத்தியம் பிரஷ். ரேக் போடும் இடத்தை நன்றாகப் பிரஷ் செய்தால் இழை எழும்பிக் கொஞ்சம் சமமாகும், கியூ நுனியில் தடவும் சாக் தூளும் போய்விடும். சாக் தூளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், பந்துக்கு அடியில் ஒரு சின்ன மணி இருந்தாலே போதும், பந்து அதிலிருந்து உருண்டுவிடும். பந்தையும் துடைக்க வேண்டும். இரண்டு பந்துகள் தொடும் இடத்தில் சாக் கறை ஒட்டியிருந்தால் கண்ணுக்குத் தொடுவது போலத் தெரியும், நடுவில் இருப்பது அழுக்கு. ஸ்பாட்டில் ஒட்டும் வட்ட ஸ்டிக்கர் தேய்ந்து விளிம்பு தூக்கியிருந்தால் உடனே கிழித்துவிட்டுப் புதுசு ஒட்டுங்கள். அந்த விளிம்பின் மேல் எந்தப் பந்தும் நிற்காது.

சிலர் வெள்ளைப் பந்தை எடுத்து ரேக்கிலுள்ள பந்தின் தலையில் டொக் டொக்கென்று தட்டி உட்கார வைப்பார்கள். அது தற்காலிகமாக வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு தட்டலும் புதுப் பள்ளம். இன்றைக்கு இங்கே, நாளைக்கு இன்னொருவர் ஒரு மயிரிழை தள்ளி அங்கே. கடைசியில் துணி முழுக்கக் குண்டும் குழியுமாகி, மெதுவாக உருளும் பந்து அந்தப் பக்கம் வரும்போது வளைந்துபோகும். உலக பூல் விதிகளும் தட்டுவதைத் தவிர்க்கச் சொல்கின்றன, அதற்குப் பதில் பிரஷ் செய்யச் சொல்கின்றன. புதுத் துணி போட்டதும் ஓட்டை போட்ட அச்சுத் தகடு ஒன்றை வைத்து, எல்லாப் பந்துகளுக்கும் ஒரே முறை, ஒரே பலத்தில் தட்டிச் சின்னப் பள்ளங்களை உண்டாக்குகிற முறை ஒன்று உண்டு. அது வேறு விஷயம். சரியான அளவில் செய்தால் டிரையாங்கிளே இல்லாமல் பந்தை எடுத்து வைத்தால் போதும், அதனதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அளவு தெரிந்த ஒருவர் செய்ய வேண்டிய வேலை அது.

அப்புறம் கை. கையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், பந்தும் துணியும் சரியாக இருந்தால் கைக்கு அதிக வேலை இல்லை.

டிரையாங்கிளில் பந்துகளைப் போட்டு ஸ்பாட்டுக்கு ஒரு சாண் முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று முறை உருட்டுங்கள். கடைசியாக முன்னால் கொண்டுவந்து முதல் பந்து ஸ்பாட்டில் வரும்போது சட்டென நிறுத்துங்கள். சட்டம் நிற்கும், பந்துகள் தங்கள் வேகத்தில் முன்னால் போய் ஒன்றோடொன்று அணையும். இரண்டு கட்டைவிரலும் பின்சட்டத்துக்கு வெளியே, மற்ற விரல்கள் உள்ளே, பின்வரிசைப் பந்துகளுக்குப் பின்னால். ஐந்து பந்துகளுக்கும் விரல் பட வேண்டும், நடுவில் மட்டும் அழுத்தினால் மூலைகள் தளர்ந்துவிடும். அழுத்தம் முன்பக்கமாக மட்டும் இருக்க வேண்டும், கீழ்நோக்கி ஒரு துளிகூட வேண்டாம். கீழே அழுத்தினால் பந்து துணிக்குள் அமிழும், விட்டதும் மேலே வரும்போது இடம் மாறிவிடும்.

பலர் கெடுப்பது விடுகிற நேரத்தில்தான். விரல்களை ஒவ்வொன்றாக எடுக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாக, நேர் பின்னால் எடுங்கள். உடனே டிரையாங்கிளைத் தூக்க வேண்டாம். பந்துகள் முன்பக்கச் சட்டங்கள் இரண்டிலும் சாய்ந்து நிற்கின்றன. சட்டத்தை ஒரு மயிரிழை முன்னால் நகர்த்தினால் அந்தத் தொடர்பு விட்டுப்போகும், பின்னால்தான் இடம் இருக்கிறதே. இப்போது சட்டம் எந்தப் பந்தையும் தொடவில்லை. அப்படியே நேராக மேலே தூக்குங்கள். சரித்துத் தூக்கினால் ஏதோ ஒரு பந்தை உரசும்.

பிளாஸ்டிக் டிரையாங்கிள் வளைந்துகொடுக்கும், நாம் அழுத்தும்போது பக்கங்கள் வெளியே பிதுங்கும், விட்டதும் உள்ளே வந்து பந்துகளைத் தள்ளும். கனமான மரச்சட்டமோ அலுமினியச் சட்டமோ அந்தத் தொந்தரவைக் கொடுக்காது. முடிந்தால் பிளாஸ்டிக்கைத் தவிர்த்துவிடுங்கள்.

எடுத்தபின் சரிபார்க்கும் வரிசை எனக்கு எப்போதும் ஒன்றுதான். முதலில் முன்பக்கம் போய்க் கண்ணைப் பந்து மட்டத்துக்குத் தாழ்த்தி, முதல் பந்தையும் அதன் பின்னால் இருக்கும் இரண்டையும் பார்ப்பேன். அந்த மூன்றும் மூன்று இடத்தில் தொட வேண்டும். அடி முழுவதும் நுழைகிற வாசல் அது, அங்கே வெளிச்சம் தெரிந்தால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம், திரும்பப் போட வேண்டியதுதான். அடுத்து மூலைப் பந்துகள் அல்லது ஓரப்பந்துகள். அதற்கு அப்புறம் பின்னால் போய் உள்வரிசைகள். மேலே விளக்கு எரிகிறது, இடைவெளி இருந்தால் இரண்டு பந்துக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். 30 இடமும் மூட முடியாத பழைய செட்டாக இருந்தால் உள்ளே எங்கேயாவது ஒன்று திறந்திருக்கட்டும் என்று விடுவேன், முன் மூன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மெல்லிய பிளாஸ்டிக் தாளில் ஓட்டைகள் வெட்டிய ரேக் இப்போது பரவலாகிவிட்டது. மேஜிக் ரேக் என்ற பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். தாளை விரித்துப் பந்துகளை அதில் வைத்தால், தாளின் விளிம்புகள் பந்துகளை ஒன்றையொன்று நோக்கிச் சாய்க்கும். துணியில் பள்ளம் இருந்தாலும் அதன் தொல்லை குறைவு. பிரேக் முடிந்து பந்துகள் நின்றபின் தாளை உருவி எடுத்துவிட வேண்டும். யார் போட்டாலும் ஒரே மாதிரி இறுகும். இதைவிட நியாயமான ரேக் கிடையாது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஆனால் எந்த வழியிலானாலும் ரேக் அச்சுப்போல இறுகிவிட்டால் நைன் பால் ஆட்டத்துக்கே ஒரு சிக்கல் வருகிறது. ஓரப்பந்து விழுவது ஏறக்குறைய உறுதி என்றால் பலமாக அடிக்க வேண்டிய அவசியம் என்ன? மெதுவாக அடித்து ஓரப்பந்தை விழவைத்து, மற்றப் பந்துகளைக் கைக்கு எட்டும் இடத்திலேயே வைத்துக்கொள்ளலாமே. 2001 யூ.எஸ். ஓப்பன் நைன் பால் இறுதி ஆட்டத்தில் கோரி டூயல், மிக்கா இம்மோனனை 11-0 என்று வென்றார். மெதுவான பிரேக் என்றால் ஆட்டக்காரர்களுக்கு இன்றும் நினைவுக்கு வருகிற பெயர் அவருடையதுதான். ரேக்கைப் படிக்கத் தெரிந்த ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு அவர் சாட்சி. நான் அவரை முழு மனதோடு பாராட்டுகிறேன். விதிகள் வகுப்பவர்கள் அதற்கு ஈடுகொடுத்தார்கள்: சில போட்டிகளில் பிரேக்கில் குறைந்தது மூன்று பந்து பாக்கெட்டில் விழ வேண்டும் அல்லது பிரேக் அடிக்கும் பக்கம் டேபிளின் குறுக்கே போகும் கோட்டைக் கடக்க வேண்டும், வெள்ளைப் பந்தை நடுவிலுள்ள பெட்டிக்குள் வைத்துத்தான் அடிக்க வேண்டும். மேட்ச்ரூம் என்ற நிறுவனம் நடத்தும் நைன் பால் போட்டிகளில் 1க்குப் பதிலாக 9ஐ ஸ்பாட்டில் வைக்கிறார்கள். ரேக் முழுவதும் இரண்டு வரிசை முன்னால் நகர்ந்துவிடுவதால் ஓரப்பந்தின் பழைய வழி பாக்கெட்டுக்கு நேராக வருவதில்லை. ரேக்கைத் தளர்த்தி ஆட்டத்தைக் கடினமாக்குவதைவிட, இறுக்கமாகவே வைத்துக்கொண்டு இடத்தை மாற்றியது எவ்வளவு நல்ல யோசனை!

ஸ்னூக்கரில் கதை வேறு. அங்கே தொடக்க அடி சிவப்புப் பந்துகளை லேசாகத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குத்தான். ஆனாலும் பதினைந்து சிவப்பும் ஒட்டியிருக்க வேண்டும், முதல் சிவப்பு இளஞ்சிவப்புப் பந்துக்கு எவ்வளவு நெருக்கமாக வர முடியுமோ அவ்வளவு நெருக்கமாக, தொடாமல் இருக்க வேண்டும். தொடாமல் நெருங்குவது தொட வைப்பதைவிடக் கஷ்டம். பில்லியர்ட்ஸில் மூன்றே பந்து, ரேக் என்ற பேச்சே இல்லை.

கடைசியாக, யார் ரேக் போடுவது என்ற கேள்வி. பிரேக் அடிப்பவரே போட்டால் தனக்கு வசதியான இடத்தில் இடைவெளி விடலாம். எதிராளி போட்டால் வேண்டுமென்றே தளர்த்திக் கொடுக்கலாம். ஒரு போட்டியில் எதிரில் ஆடியவர் ஒவ்வொரு முறையும் முதல் பந்துக்குப் பின்னால் ஒரே பக்கம் ஒரே அளவு இடைவெளி விட்டுக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். கை பழகாதவர்களின் இடைவெளி இடம் மாறிக்கொண்டே இருக்கும், அவருடையது மாறவே இல்லை. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. பந்தைத் தவறவிட்டுத் தோற்றால் மனம் ஆறிவிடும். முதல் அடிக்கு முன்பே ஆட்டத்தைக் கெடுப்பது வேறு ரகம்.

அதனால் எங்கள் கிளப் போட்டிகளில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஆட்டத்தில் இல்லாத ஒருவர் ரேக் போடுவார். பிரேக் அடிப்பவர் கிட்டே வந்து குனிந்து பார்க்கலாம், கை வைக்கக் கூடாது. இடைவெளியை விரலால் காட்டினால் மறுபேச்சில்லாமல் திரும்பப் போட வேண்டும். இரண்டாவது முறையும் அதே இடத்தில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே இருக்கும் பந்தை விளிம்பிலிருக்கும் ஒன்றோடு மாற்றிப் பார்ப்போம். இடைவெளி பந்தோடு நகர்ந்தால் பந்தைத் துடைப்போம், ஸ்கேல் வைத்துப் பார்ப்போம். இடைவெளி அங்கேயே நின்றால் பந்துகளை ஒதுக்கிவிட்டுத் துணியைப் பிரஷ் செய்வோம்.